கடைசி வரை கேட்காத பாங்கு

குழுவுக்குள் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுகிறேன். நல்ல மொட் செய்வது எப்படி, இன்னும் பத்துப் பேரைச் செய்யவைப்பது எப்படி என்று ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மென்பொருள் விடயத்தில் நீங்கள்தான் எனக்கு வகுப்பெடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது நான் விட்ட ஒரு பிழை மட்டும்தான். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கல்முனையில் ஒரு அரச அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய்க்காலும் வீதியும் கீறிக் கீறியே கண்ணாடியின் தடிப்புக் கூடிப்போனது. ஓய்வுக்கு முன்பே மகனின் கணினியில் பஸ் ஓட்டும் அந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. வேறு யாரோ செய்த விளையாட்டுக்குள் நாங்களே செய்து செருகும் பஸ், வீதி, கடை, சத்தம் எல்லாவற்றையும்தான் மொட் என்கிறோம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் உள்ள வீதியை முதலில் செய்து போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு சோதனை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யார் எதை அனுப்பினாலும் நான் பார்த்துச் சரி என்றால்தான் குழுவின் இணையப் பக்கத்தில் ஏறும்.

அந்தப் பொறுப்பை நான் எப்படிப் பார்த்தேன் என்று பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கோமாரியில் ஒருவர் தன் ஊர் வீதியைச் செய்து அனுப்பியிருந்தார். தென்னைமரம் எல்லாம் ஒரே உயரம். "தென்னை நட்டிருக்கிறீரா, கூட்டுகிற தும்புத்தடி குத்தி வைத்திருக்கிறீரா?" என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதினேன். அவர் அதற்குப் பிறகு எதுவுமே அனுப்பவில்லை. போகட்டும், தரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்து விளையாடுவதற்கு ஊரெல்லாம் ஆள் இருந்தது. செய்து தருவதற்கு ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை. ஏன் இல்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த ஐந்தாறு பேருக்குப் பிறகு வந்தவர் நஸ்ரின். சாய்ந்தமருதில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் வேலை, வீடு எங்கள் பள்ளிவாசலுக்குக் கிட்ட, முப்பது வயது இருக்கும். விளையாட்டில் வரும் சத்தங்கள் சரியில்லை என்று அவருக்கு மனக்குறை. எனக்கும் அதே குறைதான். எங்கள் வீதியில் பள்ளிவாசலைத் தாண்டி பஸ் போகும்போது தொழுகைக்கு அழைக்கும் ஒரு பாங்கு கேட்கும். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்தது, தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். "இது எங்கட ஊர்ப் பாங்கா?" என்று நான் பக்கத்தில் பலமுறை எழுதிப் புலம்பியிருக்கிறேன். அதை வாசித்துவிட்டுத்தான் நஸ்ரின் ஒரு ஓசையைச் செய்து அனுப்பினார்.

கூடவே ஒரு நீண்ட கடிதம். எந்தக் கருவியால் எடுத்தார், காற்றுச் சத்தத்தை எப்படிக் குறைத்தார் என்று ஆரம்பித்தது. நான்கு வரி வாசித்தேன். பிறகு ஓசையை அழுத்தினேன். அல்லாஹு அக்பர் என்று எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தினின் குரல் எழும்பியது. அசல் அவரே. தினமும் ஐந்து வேளை எங்களைத் தொழுகைக்கு அழைக்கிற அதே குரல் கணினிக்குள் இருந்து வர, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து விநாடி கேட்டிருப்பேன். போதும், இதுதான் தரம் என்றேன். ஐந்து வேளைக்கும் அதையே நானே பொருத்தி, அன்றைக்கே பக்கத்தில் ஏற்றிவிட்டேன். நஸ்ரினுக்கு ஒரு பெருவிரல் படம் அனுப்பினேன். அவர் ஏதோ பதில் போட்டிருந்தார். நான் அதைத் திறக்கவில்லை.

அது நோன்பு மாதமான றமழான் தொடங்குவதற்கு நாலைந்து நாள் முன்பு.

நோன்பு நடுவில், புது ஆட்களைச் சேர்ப்பதற்கு ஒரு கூட்டம் வைத்தோம். றிஸ்வான் என்று எங்கள் குழுக்காரர், பள்ளிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அங்கே கூடுவது, மொட்களைப் போட்டுக் காட்டுவது, அங்கேயே நோன்பு துறப்பது என்று ஏற்பாடு. இருபது பேர் வரைக்கும் வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லார் முன்னாலும் தட்டில் பேரீச்சம்பழம், கோப்பையில் கஞ்சி. வெளியே மழை மூட்டம் போட்டு நேரத்துக்கு முன்பே இருண்டிருந்தது. உள்ளே புழுக்கம், யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தோம்.

றிஸ்வான் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர் இரண்டை வாங்கி வைத்திருந்தார். பஸ்ஸை அவரே ஓட்டினார். காரைதீவுச் சந்தி வந்தது, எல்லாருக்கும் சிரிப்பும் கைதட்டலும். எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. ஹோர்ன் சத்தம் காணாது, கூட்டுங்கள் கூட்டுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். றிஸ்வான் கூட்டினார். இன்னும் என்றேன்.

இந்த விளையாட்டில் ஒரு முழு நாள் அரை மணித்தியாலத்தில் ஓடி முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனாலும் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. திரையில் பொழுது மங்கியது, பஸ் பள்ளிவாசலுக்குக் கிட்ட வந்தது. ஸ்பீக்கரில் அல்லாஹு அக்பர் என்று பாங்கு எழும்பியது.

அங்கே இருந்த யாரும் திரையைப் பார்க்கவில்லை. நாள் முழுக்கப் பசித்துக் கிடந்தவனுக்கு அந்தக் குரல் கேட்டால் கை தானாகப் பழத்துக்குப் போகும். எல்லாருடைய கையும் போனது. நோன்பு துறக்கும் துஆவைச் சொல்லிக்கொண்டே நானும் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். பொருத்தி ஏற்றியவனே நான், எனக்கே தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் நஸ்ரின் எழும்பி நின்றார்.

"ஆரும் துறக்காதீங்க. இது பள்ளிப் பாங்கில்ல, கேம்."

சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ச் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார். பாங்கு பாதியில் நின்றது. அந்தப் பாங்குக்குப் பின்னால் அவருடைய வீட்டுத் தண்ணீர் மோட்டர் இரையும் சத்தம் மெல்லக் கேட்குமாம். எவ்வளவு முயன்றும் அவரால் அதை அழிக்க முடியவில்லையாம். அதைக் கேட்டுத்தான் பிடித்திருக்கிறார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நோன்பு துறக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

அந்த ஆறு நிமிடத்தை எப்படிச் சொல்வது? வாயில் மென்ற பழத்தோடு இருந்தவர்கள் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கீழே ஒழுங்கையில் இருந்து "பாங்கு சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் வந்தது. அப்போதுதான் விளங்கியது, இது அறைக்குள்ளே மட்டும் நடந்த சங்கதி இல்லை என்று. றிஸ்வான் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு பள்ளியில் இருந்து உண்மையான பாங்கு கேட்டது. அதே குரல். அந்த அறையில் ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை.

பொழுதுபட்டதும் தொழும் மஃரிப் தொழுகை முடிந்த கையோடு ஆட்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கீழே தையல் கடை வைத்திருப்பவர். பெருநாள் உடுப்புத் தைக்கிற மும்முரத்தில் அவரும் கடையில் வேலை செய்த நால்வரும் எங்கள் பாங்கைக் கேட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். பின்வீட்டில் ஒரு குடும்பமே துறந்திருக்கிறது. மனிதன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்கட நோன்புக்கு ஆரு பதில் சொல்ற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவன் நான், பெயர் பெற்றவன் நான். தம்பிமாரே, அந்த நேரத்தில் மனிதனுக்குள் என்ன வருகிறது என்று உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். நான் விரலை நீட்டினேன்.

"இந்தப் புள்ள செஞ்ச வேல இது. நாங்க போட்டு மட்டுந்தான் காட்டின."

நஸ்ரின் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், நாளைக்கு அஸருக்குப் பிறகு எல்லாரும் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த மொட்டைப் பக்கத்தில் இருந்து அழித்தேன். அதோடு விட்டேனா? பொறுப்பில்லாமல் செய்யப்பட்ட ஓசை, செய்தவர் இன்னார், இனி இவருடைய வேலை ஏற்கப்படாது என்று பெயரைப் போட்டு எழுதினேன். ஊருக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியில் படுத்தேன்.

காலையில் போனைத் திறந்தால் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. இருந்த ஐந்தாறு பேரில் மூன்று பேர் தங்கள் மொட்களை எடுத்துவிட்டார்கள். சொறிக்கல்முனையில் ஒருவர் வயல்வெளி ஒன்றை மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார், வரம்பு வரம்பாகச் செய்த வேலை. அதையும் காணவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எடுத்துட்டன் சேர். ஒரு பிழ வந்தா நீங்க என்ட பேரையும் இப்படித்தானே போடுவீங்க. நான் ஊருக்குள்ள இருக்கிற ஆள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீதி ஒரு இரவில் கடையில்லாமல், வயலில்லாமல், பஸ்ஸில்லாமல் போய்க் கிடந்தது. அப்போதும் எனக்குக் கோபம் நஸ்ரின் மீதுதான் வந்தது. எல்லாம் இந்தப் பிள்ளையால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன்.

அலுவலக அறையில் நிர்வாகத்தார் இருவர், தையல்காரர், பின்வீட்டுக்காரர், நான், றிஸ்வான். நஸ்ரின் தன் வாப்பாவோடு வந்திருந்தார். மூலையில் ஒரு கதிரையில் முஅத்தின் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் முதலில் ஒரு விடயத்தைச் சொன்னார், இந்தப் பிள்ளை ஒலிப்பதிவு செய்வதற்கு முன் தன்னிடம் வந்து அனுமதி கேட்டது, தான் சம்மதித்தது என்று. பிறகு, நேற்று நோன்பு தவறியவர்கள் யார் யார், கையைக் காட்டுங்கள் என்றார். தெரியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை, ஆனால் றமழானுக்குப் பிறகு ஒரு நோன்பைக் கழாச் செய்யவேண்டும், அதைச் சொல்லிவைக்கத்தான் கேட்கிறேன் என்றார். விட்ட நோன்பைப் பின்னால் பிடித்து அடைப்பதைத்தான் கழா என்கிறோம். தையல்காரர் கையைக் காட்டினார். பின்வீட்டுக்காரர் காட்டினார். றிஸ்வான் காட்டினார். நான் என் கையை மடியிலேயே வைத்திருந்தேன். சோதனை பார்க்கிற பெரிய மனிதன் தன் விளையாட்டுப் பாங்கிலேயே ஏமாந்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப அதப் போடுங்க. கடைசி வரைக்கும் போடுங்க," என்றார் முஅத்தின்.

றிஸ்வான் லெப்டொப்பைத் திறந்து போட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். நான் கேட்ட பத்து விநாடி முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குப் புதிது. தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள் என்ற வரிகள் போயின. அடுத்து வந்தது, அஸ்ஸலாத்து கைருன் மினன் நவ்ம். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும், அந்த வரி சுபஹ் பாங்கில் மட்டும்தான் வரும். விடியக்காலைப் பாங்கு. அதை நான் மஃரிபுக்குப் பொருத்தியிருக்கிறேன். நண்பகல் லுஹருக்கும் பொருத்தியிருக்கிறேன்.

"இது நான் சுபஹுக்குச் சொன்ன பாங்கு," என்றார் முஅத்தின். "மஃரிபுக்கு வெச்ச ஆள் இத முழுசாக் கேட்டுப் பாக்கல்லயா?"

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அனுப்பியவர் அல்லவா சொல்லியிருக்கவேண்டும் என்றேன். இதோ அவருடைய கடிதம், வாசிக்கிறேன், நீங்களே கேளுங்கள் என்று போனை எடுத்தேன். எந்தக் கருவி, காற்றுச் சத்தம் என்று தெரிந்த நான்கு வரியையும் உரத்து வாசித்தேன். அதே வேகத்தில் தெரியாத வரிகளுக்குள் போனேன்.

"சேர், இது சுபஹ் பாங்கு. வீதியில் வாகனச் சத்தம் இல்லாத நேரம் அதுதான் என்பதால் இதை முதலில் எடுத்தேன். ஓசை சரியா என்று நீங்கள் கேட்டுப் பார்க்க மட்டும் அனுப்புகிறேன். மற்ற நாலு நேரத்தையும் எடுத்துத் தரும் வரைக்கும் தயவுசெய்து பக்கத்தில் போடவேண்டாம். பிறகு போடும்போதும், விளையாடுபவர் தானே திறந்தால் மட்டும் கேட்கும்படி வைப்போம். நோன்பு வருகிறது. யாராவது பள்ளிப் பாங்கு என்று நினைத்துவிட்டால்..."

வாசிப்பதை நிறுத்தினேன். என் வாயாலேயே வாசித்து என்னையே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தையல்காரர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நஸ்ரினின் வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிடுங்க," என்றார் முஅத்தின். கடைசி வரியையும் வாசித்தேன். "நினைத்துவிட்டால் பாவம் எங்கள் தலையில் விழும்." அதற்குக் கீழே, நான் திறக்காமல் விட்ட பதிலும் இருந்தது. பெருவிரல் படத்துக்கு அவர் அனுப்பியது. "சேர், போட்டுவிட்டீர்களா? இது சுபஹ் பாங்கல்லவா?" அதையும் வாசித்தேன்.

நான் வாசிக்காமல் ஏற்றினேன், முழுவதும் கேட்காமல் ஏற்றினேன், சத்தத்தைக் கூட்டச் சொன்னதும் நான், இந்தப் பிள்ளை மீது பிழை இல்லை என்று சொன்னேன். நிர்வாகத்தார், பக்கத்தில் எழுதியதை மாற்றி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் நஸ்ரினைக் கேட்டேன், நேற்று ஆட்கள் முன்னால் நான் விரலை நீட்டியபோது இந்தக் கடிதத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

"நீங்க வாசிச்சிருப்பீங்கெண்டுதான் நெனச்சன் சேர்," என்றார். "எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே சொல்றீங்கெண்டு நெனச்சன். தெரிஞ்சி சொல்ற ஆளுக்கிட்ட நான் என்னத்தச் சொல்ற?"

வாப்பாவும் மகளும் போய்விட்டார்கள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அன்றைக்கு மாலையே பக்கத்தில் முழுவதையும் எழுதினேன், அந்தக் கடிதத்தையும் சேர்த்து. கோமாரிக்காரரைக் கூப்பிட்டுத் தும்புத்தடிக் கதைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், ஆனால் உடனே ஒன்றும் அனுப்பவில்லை. குழு கூடி ஒரு முறையை வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் நீங்கள் அதன்படிதான் நடக்கிறீர்கள், காரணம் தெரியாமல் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பக்கத்தில் ஏறும் எந்த மொட்டிலும் முதலில் சோதனை பார்த்தவரின் பெயர், அதற்குப் பிறகுதான் செய்தவரின் பெயர். பாராட்டு வந்தால் செய்தவருக்கு. பிழை வந்தால் பார்த்தவர் பதில் சொல்லவேண்டும். அந்த முறை வந்த பிறகு நான் ஒரு மொட்டைப் பார்க்க எடுத்த நேரம் நாலு மடங்காகியது. என் பெயரல்லவா மேலே நிற்கிறது.

ஆட்கள் உடனே வந்து குவியவில்லை. முதலில் சொறிக்கல்முனை வயல் திரும்பி வந்தது. பிறகு ஒரு தாதி, ஒரு ஓட்டோக்காரர், பாண்டிருப்பில் இருந்து அண்ணன் தங்கை இருவர் என்று முன்பின் கணினியில் எதுவும் செய்திராதவர்கள் தயங்கித் தயங்கி அனுப்பினார்கள். பிழையோடு வந்த வேலைகள்தான். பிழையோடு அனுப்பலாம், ஊருக்கு முன்னால் தலைகுனிய வேண்டி வராது என்று தெரிந்த பிறகு அவர்களே திருத்தித் திருத்தி அனுப்பினார்கள். கோமாரித் தென்னைகளை இப்போது போய்ப் பாருங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

நஸ்ரின் மட்டும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகம் இல்லை. அந்த வருடத்து ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்த பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து ஐந்து கோப்புகள் வந்தன. ஐந்து வேளைக்கும் ஐந்து பாங்கு, ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்த நேரத்துக்கான ஊர்ச் சத்தம். விளையாடுபவர் தானே திறந்தால்தான் கேட்கும், நோன்பு மாதத்தில் திறக்கவே முடியாது. தண்ணீர் மோட்டர் சத்தம் மட்டும் சுபஹில் அப்படியே இருந்தது. அதை எடுக்கவேண்டாம் என்று நான் எழுதினேன். இப்போது, இந்த மாதத்தோடு நான் பொறுப்பை விடுகிறேன். இனி உங்கள் வேலைகளைப் பார்த்து, தன் பெயரை மேலே போடப்போகிறவர் அவர்தான்.

அன்றைக்கு வந்த அந்த ஐந்து கோப்புகளோடும் ஒரு நீண்ட கடிதம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு முதல் எழுத்தில் இருந்து வாசித்தேன். கருவி, காற்று, எந்த வேளைக்கு எங்கே நின்று எடுத்தார் என்று எல்லாம் இருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது.

"சேர், அண்டைக்கு வயரப் புடுங்கக்குள்ள உங்கட வாயில பழம் இருந்தத நான் கண்ட. கழா நோன்பப் புடிச்சிட்டீங்களா?"

பள்ளியில் நான் கையை மடியில் வைத்திருந்தபோது அவர் எனக்கு எதிரே இருந்தவர். கண்டும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை நோன்பு பிடித்தேன். பொழுது பட்டுப் பள்ளியில் பாங்கு எழும்பியது. கையில் பழத்தை வைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வாயில் போட்டேன்.